கிருமியின் பெயரை யார் எழுதுவது?

இன்பேஷன்ட் கோடிங் செய்கிறவர்களுக்கு நிமோனியா இல்லாத நாளே கிடையாது. அமெரிக்காவில் குளிர் தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். சென்னை வெயிலில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் திறக்கிற சார்ட்டில் எல்லாம் இருமல், மூச்சுத்திணறல், எக்ஸ்ரேயில் வெள்ளைப் படலம். இவ்வளவு பழகிய நோய் என்பதால் சுலபமான கோட் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஆடிட்டில் எரர் விழுவதும், அதை எதிர்த்து ரீபட்டல் எழுதுவதும், கொடுத்த பணத்தை இன்சூரன்ஸ் நிறுவனம் திருப்பிக் கேட்பதும் இந்த நோயில்தான் அதிகம் பார்க்கிறேன். சண்டை எல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். நிமோனியா சரி, எந்தக் கிருமி? அதை யார் சொன்னது?

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக நான்கு வரி. அமெரிக்க மருத்துவமனையில் அட்மிட் ஆன ஒருவர் வீடு திரும்பியதும், எமர்ஜென்சியில் எழுதிய முதல் குறிப்பிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி வரை அவருடைய கோப்பு முழுவதும் கோடரின் திரைக்கு வரும். படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஐசிடி-10-சிஎம் தொகுப்பிலிருந்து கோட் போட வேண்டும். 2015 அக்டோபர் 1-லிருந்து அங்கே இதுதான் நடைமுறை. அதற்கு முன் ஐசிடி-9. போட்ட கோடுகளை வைத்து அந்த அட்மிஷன் ஒரு டிஆர்ஜியில் விழும். மருத்துவமனைக்கு எவ்வளவு பணம் என்பதை அந்த டிஆர்ஜி தீர்மானிக்கும். சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் இந்த வேலையில் இருப்பவர்களில் பார்மசி, பிசியோதெரபி, நர்சிங், பயோகெமிஸ்ட்ரி படித்தவர்கள் நிறைய. நான் மைக்ரோபயாலஜி. கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்குப் புரியும். புரிந்தாலும் அதை வைத்து நான் கோட் போடக் கூடாது. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் கோடுகள். நிமோகாக்கஸ் என்று நாம் படித்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியேவால் வந்தால் ஜே13. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே என்றால் ஜே14. மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஜே15-க்குள் அடங்கும்: கிளெப்சியெல்லா ஜே15.0, சூடோமோனாஸ் ஜே15.1, ஈ.கோலை ஜே15.5, மைக்கோபிளாஸ்மா ஜே15.7. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு இரண்டு உண்டு. மெதிசிலினுக்கு அடங்குகிற வகைக்கு ஜே15.211, அடங்காத எம்ஆர்எஸ்ஏவுக்கு ஜே15.212. கிராம் நெகட்டிவ் என்று பொதுவாக இருந்த ஜே15.6 என்ற கோட், 2023 அக்டோபரில் இரண்டாகப் பிரிந்தது. ஆஸ்பத்திரிகளை ஆட்டிவைக்கும் அசினெட்டோபேக்டர் பாமனிக்கு ஜே15.61 தனியாக வந்தது. மீதி எல்லாம் ஜே15.69. பாக்டீரியாதான், எது என்று தெரியவில்லை என்றால் ஜே15.9. நிமோனியா என்று மட்டும் எழுதி, காரணம் எதுவும் சொல்லவில்லை என்றால் ஜே18.9.

லெஜியோனெல்லாவைத் தேடி ஜே15-ல் அலையாதீர்கள். 1976-ல் பிலடெல்பியாவில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்களிடம் முதலில் கண்டறியப்பட்ட அந்த நோய் ஏ48.1 என்று தொற்றுநோய் அத்தியாயத்தில் இருக்கிறது. இன்டெக்ஸைத் திறக்காமல் நினைவிலிருந்து கோட் போடுகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

பாடப்புத்தகத்தில் நாம் பத்தோடு பதினொன்றாகப் படித்த கிராம் ஸ்டெயின், நிமோனியாவிலிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1884. பெர்லின். கார்ல் ஃபிரீட்லேண்டரின் ஆய்வகத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வேலை பார்க்கிறார். நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிருமியும் திசுவும் ஒரே நிறமாகத் தெரிகின்றன. ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் கரைசல் விட்டு, ஆல்கஹாலில் கழுவிப் பார்க்கிறார். திசு வெளுத்துவிடுகிறது, சில கிருமிகள் சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. வேறு சில சாயத்தை இழந்துவிடுகின்றன. இன்றைக்கு கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று நாம் சொல்லும் பிரிவு அங்கிருந்து வந்தது. ஃபிரீட்லேண்டரும் சும்மா இல்லை. 1882-லேயே நிமோனியா நோயாளிகளிடம் ஒரு கிருமியைக் கண்டு எழுதியிருந்தார். அதுதான் இன்றைய கிளெப்சியெல்லா நிமோனியே. ஐசிடி-10-சிஎம் இன்டெக்ஸில் நிமோனியாவுக்குக் கீழே ஃபிரீட்லேண்டரின் பெயர் இன்னமும் இருக்கிறது, ஜே15.0-க்கு நேராக. அந்த வரியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வரும்.

அந்தச் சாயப் பிரிவு இப்போது பணத்தையும் ஓரளவு பிரிக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்ப்ஸனும் உருவாக்கிய டிஆர்ஜி முறையை 1983-ல் மெடிகேர் கையில் எடுத்தது. படுத்த நாளுக்கு இவ்வளவு, செய்த டெஸ்டுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்குப் பார்க்காமல், இந்த மாதிரி நோயாளிக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தொகை. இப்போதைய எம்எஸ்-டிஆர்ஜியில் நிமோனியா முதன்மை நோயாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு இடத்தில் ஒன்றில் விழும். 193, 194, 195 என்பது சிம்பிள் நிமோனியா. 177, 178, 179 என்பது சுவாசத் தொற்றும் அழற்சியும். இரண்டாவதற்குத் தொகை கூடுதல். கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ், ஈ.கோலை, ஜே15.6-க்குள் வரும் மற்ற கிராம் நெகட்டிவ் எல்லாம் அந்த இரண்டாவது இடம். இவற்றுக்கு விலை உயர்ந்த ஆன்டிபயாட்டிக் வேண்டும், நாளும் அதிகம் ஆகும் என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் நியாயம். அதில் எனக்குக் குறை இல்லை.

புதிதாக இன்பேஷன்ட் பக்கம் வருகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாக்டர் ‘பாக்டீரியல் நிமோனியா’ என்று எழுதிவிட்டால் டிஆர்ஜி ஏறிவிடும் என்று நினைக்கிறார்கள். ஏறாது. ஜே15.9-உம் ஜே18.9-உம் ஒரே சிம்பிள் நிமோனியாவில்தான் விழுகின்றன. நிமோகாக்கஸுக்கான ஜே13-உம் அங்கேதான். நிமோகாக்கஸ் எத்தனை உயிரைக் குடித்த கிருமி என்பது மைக்ரோபயாலஜி படித்தவர்களுக்குத் தெரியும். அதைச் ‘சிம்பிள்’ என்று போடும்போது மனம் ஒப்பாது. ஆனால் அந்தச் சொல் செலவுக் கணக்கைச் சொல்கிறது. நோயாளி பட்ட பாட்டைச் சொல்லவில்லை.

ஒரு சார்ட்டைத் திறந்து பார்ப்போம். உதாரணத்துக்காக நான் கட்டியது. யாருடைய கோப்பும் இல்லை. ஆனால் இந்த மாதிரி கோப்பைப் பார்க்காத கோடர் இருக்க முடியாது.

81 வயதுப் பெண்மணி. முதியோர் இல்லத்திலிருந்து ஆம்புலன்ஸில் வருகிறார். காய்ச்சல், மஞ்சளாகச் சளி, ஆக்சிஜன் 91 சதவீதம். எக்ஸ்ரேயில் வலது கீழ் மடலில் படலம். எமர்ஜென்சி டாக்டர் எழுதுகிறார்: மருத்துவ நிலையம் சார்ந்த நிமோனியா, வேன்கோமைசினும் செஃபிபீமும் தொடங்குகிறோம். எம்ஆர்எஸ்ஏ இருக்கிறதா என்று மூக்கில் ஸ்வாப் எடுக்கிறார்கள். மறுநாள் ஸ்வாப் நெகட்டிவ், வேன்கோமைசினை நிறுத்திவிடுகிறார்கள். சளியின் கிராம் ஸ்டெயினில் வெள்ளணுக்கள் ஏராளம், கூடவே கிராம் நெகட்டிவ் ராட்ஸ். மூன்றாம் நாள் கல்ச்சர் வருகிறது: சூடோமோனாஸ் ஏருஜினோசா, செஃபிபீமுக்குக் கட்டுப்படும். அன்றைய ப்ராக்ரஸ் நோட்டில் டாக்டர் எழுதியது: நிமோனியா, தேறி வருகிறார், செஃபிபீம் தொடரட்டும். ஏழு நாள் மருந்து முடிந்து இல்லம் திரும்புகிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில், ‘மருத்துவ நிலையம் சார்ந்த நிமோனியா, வலது கீழ் மடல்.’ முடிந்தது.

இப்போது கோடர் என்ன போட வேண்டும்? ஜே18.9. கூடவே ஒய்95, தொற்று மருத்துவ நிலையம் சார்ந்தது என்பதற்கு. அவ்வளவுதான்.

வலது கீழ் மடல் என்று இருக்கிறதே, லோபார் நிமோனியாவுக்கான ஜே18.1 போடலாமா? போடக் கூடாது. ஒரு மடலில் நிமோனியா இருப்பதும் லோபார் நிமோனியா என்ற நோயும் ஒன்றில்லை. டாக்டர் அந்த வார்த்தையையே எழுதியிருந்தால்தான் ஜே18.1 என்று அமெரிக்க மருத்துவமனைகள் சங்கத்தின் கோடிங் கிளினிக் 2018 மூன்றாம் காலாண்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இவ்வளவு ஆண்டுக்குப் பிறகும் இந்த எரர் வருகிறது.

சூடோமோனாஸ் கல்ச்சரில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே, ஜே15.1? அதுவும் கூடாது. லேப் ரிப்போர்ட்டிலிருந்து கோடர் நோயை எழுத முடியாது. அசாதாரணமான டெஸ்ட் முடிவு எதுவானாலும், அதற்கு என்ன அர்த்தம் என்று சிகிச்சை தருகிறவர் எழுதினால்தான் அது கோட் ஆகும். பத்திரம் எழுதுகிறவருக்கு நிலத்தின் எல்லை நன்றாகவே தெரிந்திருக்கலாம். சர்வேயர் அளந்து சொல்லாமல் அவர் அதை எழுத முடியுமா?

டிரெய்னிங்கில் இந்த விதியைச் சொன்னால் முகம் வாடும். படித்த படிப்பை ஓரம் கட்டச் சொல்கிறார்கள் என்று தோன்றும். எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. ஆனால் மைக்ரோபயாலஜி படித்ததாலேயே இந்த விதி சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். சளி என்பது தொண்டையையும் வாயையும் கடந்து வருகிற பொருள். லோ பவரில் ஒரு ஃபீல்டுக்கு வெள்ளணு 25-க்கு மேலும், வாய்த்தோல் செல்கள் 10-க்குக் கீழும் இருந்தால்தான் அது நெஞ்சிலிருந்து வந்த சளி என்று ஓரளவு நம்பலாம் என்று படித்தோமே! அப்படி நல்ல சளியாகவே இருந்தாலும், அதில் வளர்வதெல்லாம் நோயை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. பல வருடம் மூச்சுக்குழாய் விரிவு நோய் உள்ளவர், கழுத்தில் ட்ரெக்கியாஸ்டமி குழாய் உள்ளவர், இவர்களிடம் சூடோமோனாஸ் எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கும். இந்தப் பெண்மணிக்குக் காய்ச்சலைக் கொடுத்தது அதுவா, அது அங்கே ஏற்கெனவே இருந்ததா? நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தவருக்குத்தான் அதைச் சொல்ல உரிமை. பல்லாயிரம் மைல் தள்ளித் திரையைப் பார்க்கிற எனக்கு இல்லை.

அதற்காக ஜே18.9 போட்டு சார்ட்டை மூடிவிட்டுப் போவதும் தப்பு. டாக்டரிடம் விளக்கம் கேட்டு க்வெரி அனுப்ப வேண்டும். அந்தக் க்வெரியை எழுதுகிற விதத்தில் ஒரு கோடரின் தரம் தெரிந்துவிடும்.

‘டாக்டர், கல்ச்சரில் சூடோமோனாஸ் வந்திருக்கிறது, தயவுசெய்து சூடோமோனாஸ் நிமோனியா என்று எழுதவும்’ என்று கேட்டால், பதிலை நாமே வாயில் ஊட்டுகிறோம். இந்தத் துறையின் அமைப்புகளான அஹிமாவும் அக்டிஸும் சேர்ந்து வெளியிட்டுள்ள க்வெரி நெறிமுறை இதைத்தான் தடுக்கிறது. முறையான க்வெரியில் முதலில் ஆதாரங்கள் வரும்: எந்தத் தேதி, கிராம் ஸ்டெயினில் என்ன, கல்ச்சரில் என்ன, எந்த மருந்து எத்தனை நாள், எதை ஏன் நிறுத்தினார்கள். பிறகு கேள்வி: இந்த நிமோனியாவின் காரணத்தை உங்கள் மருத்துவ முடிவின்படி குறிப்பிட முடியுமா? கீழே வாய்ப்புகள். சூடோமோனாஸால் வந்த நிமோனியா, வேறு கிருமியால் வந்த நிமோனியா, சூடோமோனாஸ் இருந்தாலும் நோய்க்குக் காரணம் அது இல்லை, வேறு விளக்கம், தீர்மானிக்க இயலவில்லை. எந்தப் பதில் வந்தால் எவ்வளவு பணம் என்பதைப் பற்றி ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. நோயாளியைப் பற்றி மட்டும் கேட்கிற கேள்வியாக இருந்தால் டாக்டர்கள் நேர்மையாகத்தான் பதில் சொல்கிறார்கள். ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று வருகிற பதிலும் நல்ல பதில்தான். அதை வைத்து ஜே18.9 போட்டுவிட்டு நிம்மதியாக அடுத்த சார்ட்டுக்குப் போகலாம்.

டாக்டர் ‘சூடோமோனாஸாக இருக்கலாம்’ என்று பதில் எழுதினால்? இன்பேஷன்ட் கைட்லைனில் இதற்கு வழி இருக்கிறது. டிஸ்சார்ஜ் நேரத்தில் இருக்கலாம், சந்தேகம், பெரும்பாலும், இதோடு ஒத்துப்போகிறது என்று எழுதப்பட்ட நோயை, உறுதியான நோயைப் போலவே கோட் செய்யலாம். ஆக ஜே15.1. ஆனால் ‘டிஸ்சார்ஜ் நேரத்தில்’ என்பதை மறக்கக் கூடாது. முதல் நாள் எமர்ஜென்சியில் ‘கிராம் நெகட்டிவாக இருக்கலாம்’ என்று எழுதி, பிறகு எங்குமே அந்தப் பேச்சு இல்லை என்றால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க முடியாது. அவுட்பேஷன்ட்டில் இந்த விதியே கிடையாது. ‘நிமோனியாவாக இருக்கலாம்’ என்று மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் இருமல், காய்ச்சல் என்று அறிகுறிக்குத்தான் கோட். எச்ஐவி, ஜிகா, கோவிட் போன்ற சிலவற்றுக்கு இன்பேஷன்ட்டிலும் இந்தச் சலுகை இல்லை. வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியாவிலும் கவனம் வேண்டும். நோயாளி வென்டிலேட்டரில் இருந்தார், நிமோனியாவும் வந்தது என்பதால் மட்டும் ஜே95.851 போட முடியாது. வென்டிலேட்டரால் வந்தது என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்று கேட்பவர்கள் பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1990-களில், ஐசிடி-9 காலத்தில், 482.89 என்று ஒரு கோட் இருந்தது. ‘குறிப்பிட்ட வேறு பாக்டீரியாவால் வந்த நிமோனியா’ என்பது அதன் பொருள். சாதாரண நிமோனியா 486. 482.89 போட்டால் டிஆர்ஜி 79. 486 போட்டால் டிஆர்ஜி 89. முன்னதற்குப் பணம் அதிகம். கோப்பில் எந்த பாக்டீரியாவின் பெயரும் இல்லாமலேயே சில மருத்துவமனைகளிலிருந்து 482.89 வரிசையாக வந்துகொண்டிருந்தது. அமெரிக்க அரசு விழித்துக்கொண்டது. நிமோனியா அப்கோடிங் என்றே பெயர் வைத்து நீதித்துறை விசாரணை நடத்தியது. பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்கீழ் மருத்துவமனைகள் பணத்தைத் திருப்பிக் கட்டின. ஒரே ஒரு கோடில் நடந்த அத்துமீறல். இன்றைக்கும் ஆடிட்டர்கள் 177-இல் விழுந்த நிமோனியாவைக் கண்டால் கல்ச்சர் எங்கே, டாக்டரின் குறிப்பு எங்கே என்று தேடுவதன் வேர் அங்கே இருக்கிறது.

அதனால்தான் க்வெரி கீழ்நோக்கியும் போக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். கல்ச்சரில் ஒன்றும் இல்லை, நோயாளிக்கு ஆபத்துக் காரணி எதுவும் இல்லை, கொடுத்தது செஃப்ட்ரியாக்ஸோனும் அசித்ரோமைசினும் மட்டும், மூன்றாம் நாள் வீடு. ஆனால் சம்மரியில் ‘கிராம் நெகட்டிவ் நிமோனியா’ என்று இருக்கிறது. டாக்டர் எழுதிவிட்டார், கோட் போட விதி இடம் தருகிறது. டாக்டர் எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்தார் என்று தீர்ப்பு சொல்வது கோடரின் வேலை இல்லை என்று கைட்லைனிலேயே இருக்கிறது. ஆனாலும் ஆதாரத்துக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் இருக்கும்போது கேட்காமல் விடக் கூடாது. பணம் ஏறும்போது மட்டும் க்வெரி அனுப்பி, இறங்கும்போது கண்டும் காணாமல் விட்டால் நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பது வெளிப்பட்டுவிடும். இந்தக் கேள்வியை எழுப்பினால் டீமில் முணுமுணுப்பு வரும். புரொடக்ஷன் டார்கெட் ஓடிக்கொண்டிருக்கும்போது கூடுதல் வேலை. இருக்கட்டும். செய்துதான் ஆக வேண்டும்.

ஜே18.9 போடுவதைத் தோல்வியாக நினைக்கும் மனநிலையும் மாற வேண்டும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சிகாகோவிலும் நாஷ்வில்லிலும் மருத்துவமனைகளில் படுத்த நிமோனியா நோயாளிகளை வைத்து நடத்திய எபிக் ஆய்வு 2015-ல் வெளியானது. எக்ஸ்ரேயில் உறுதியான 2,259 பெரியவர்களிடம், பலவகை டெஸ்டுகளைச் செய்து தேடினார்கள். 38 சதவீதம் பேரிடம்தான் ஏதாவது ஒரு கிருமி கிடைத்தது. கிடைத்ததிலும் பாக்டீரியாவைவிட வைரஸ்தான் அதிகம். அத்தனை ஆயத்தத்தோடு தேடிய ஆராய்ச்சியாளர்களுக்கே பாதிக்கு மேற்பட்டோரிடம் காரணம் சிக்கவில்லை என்றால், தினசரி வார்டு வேலையில் எத்தனை பேருக்குச் சிக்கும்? தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுவதற்காகவே ஜே18.9 இருக்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜே15.212 போட்ட பிறகு எம்ஆர்எஸ்ஏவுக்கு பி95.62 தனியாகச் சேர்க்க வேண்டாம். கிருமி அந்தக் கோடுக்குள்ளேயே இருக்கிறது. வென்டிலேட்டர் நிமோனியாவில் நேர் எதிர், ஜே95.851-உடன் கிருமிக்குக் கூடுதல் கோட் வேண்டும். புரையேறி வந்த நிமோனியா ஜே69.0, அதோடு பாக்டீரியத் தொற்றும் சேர்ந்துகொண்டது என்று டாக்டர் எழுதினால் இரண்டையும் போடலாம். சிஓபிடி நோயாளிக்கு நிமோனியா வந்தால் ஜே44.0 கட்டாயம் முதலில் வர வேண்டும் என்று பழைய நோட்ஸில் இருந்தால் அடித்துவிடுங்கள். 2017 அக்டோபரில் அந்தக் குறிப்பு மாறிவிட்டது, அட்மிஷனின் சூழ்நிலையைப் பார்த்து வரிசைப்படுத்தலாம். நிமோனியாவால் செப்சிஸ் வந்து, இரண்டும் அட்மிஷனின்போதே இருந்தால் செப்சிஸ் முதலில். அந்தச் செப்சிஸை இன்சூரன்ஸ்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது தனிப் பதிவாக எழுத வேண்டிய சண்டை.

கம்ப்யூட்டரே கோடைப் பரிந்துரைக்கும் மென்பொருள்களைப் பற்றியும் நிறைய பேர் கேட்கிறார்கள், வேலை போய்விடுமா என்று. அந்தப் பெரிய கேள்விக்கு இங்கே இடமில்லை. ஆனால் மேலே சொன்ன பெண்மணிக்கு ஸ்வாப் பாசிட்டிவாக வந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கில் எம்ஆர்எஸ்ஏ, சார்ட்டில் நிமோனியா. இரண்டு சொல்லும் அருகருகே இருப்பதைப் பார்த்து மென்பொருள் ஜே15.212-ஐத் தூக்கிக் காட்டலாம். மூக்கில் கிருமி இருப்பது குடியிருப்பு. டாக்டர் அப்படி எழுதினால் அதற்கு இசட்22.322 இருக்கிறது. நுரையீரலில் நோய் செய்தது அதுதான் என்பது வேறு செய்தி. ‘ஏற்கிறேன்’ என்ற பட்டனை அழுத்துவதற்கு முன்னால் அந்தச் சொல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, யார் எழுதியது என்று திறந்து பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருக்க வேண்டும்.

சி.சி.எஸ்., சி.ஐ.சி. தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு: ஜே15-இன் வரிசையை மனப்பாடம் செய்ய நேரம் செலவழிக்க வேண்டாம், அது இன்டெக்ஸில் இருக்கிறது. கைட்லைனில் இரண்டாம், மூன்றாம் பகுதிகளை வரி வரியாகப் படியுங்கள். ஒவ்வொரு அக்டோபர் 1-க்கும் முன்னால் புதிய கைட்லைனிலும் கோடுகளிலும் என்ன மாறியது என்று பாருங்கள். ஜே15.6-ஐ இன்னும் ஐந்தாம் எழுத்து இல்லாமல் போடுகிறவர்கள் அதைப் படிக்காதவர்கள்.

கோடிங்கோடு சம்பந்தமில்லாமல் இதுவரை படித்து வந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊரில் டிஆர்ஜி இல்லை; கிருமியின் பெயர் எழுதப்படாமல் போவது இங்கேயும் நடக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது நிமோனியாவுக்கு அட்மிட் ஆகித் திரும்பினால், டிஸ்சார்ஜ் அன்று சளி அல்லது ரத்தக் கல்ச்சர் எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் எந்தக் கிருமி வந்தது, எந்த ஆன்டிபயாட்டிக்குக்கு அது கட்டுப்பட்டது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்றால் எந்தத் தேதியில் வரும், யாரிடம் கேட்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு, அந்தத் தேதியில் மறக்காமல் போன் செய்து கேளுங்கள். அடுத்த தடவை வேறு ஊரில், வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் எந்த மருந்தில் தொடங்குவது என்று முடிவு செய்ய அந்தத் தாள் அவருக்கு வேண்டும்.